பதினேழுக்கு ஏன் முடி கொட்டியது

“நேத்து காலைல அவ சிரிச்ச சிரிப்புல இந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. தொட்டுப் பாருங்க, இன்னும் நிக்கல.”

பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடியே லிஃப்ட் மெக்கானிக் இதைச் சொன்னார். மறுமுனையைத் தூக்கியிருந்த கீழ்வீட்டுத் தையல்காரர், துக்க வீட்டில் சொன்னதைச் செய்துவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையை விடுவித்துக் கண்ணாடியைத் தொட்டார். கண்ணாடி, கண்ணாடியாகவே இருந்தது. பெஞ்சு அவருடைய கால் கட்டைவிரலில் இறங்கியது.

“ஆமாமா,” என்றார் தையல்காரர், வலியில்.

கூடத்தின் நடுவில், சுவரோரம் கிடந்த கட்டிலை இழுத்துப் போட்டு, மெக்கானிக்கின் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மதியம் பன்னிரண்டரை மணிக்கு அவள் மூச்சு நின்றது. இன்று நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி பதினொன்று. இடையில் கிடக்கும் ஐந்து மணி நேரத்தை என்ன செய்வதென்று வந்திருந்த யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவியின் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

“கண்ணாடி அதிர்ந்துச்சாம். எட்டு மாசமா அவ வாயிலேருந்து ஒரு சத்தம் வரல. இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இருங்களேன் அத்தான்.”

“நீ வீட்டுலதானே இருந்த. உனக்குக் கேட்கலையா?”

“கேட்கல.”

“மிக்ஸி ஓடியிருக்கும்.”

“மிக்ஸி ஓடல. குழாய் ஓடல. ஒண்ணும் ஓடல. எனக்குக் கேட்கல, அவ்வளவுதான்.”

தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலை யாருக்கும் தெரியாமல் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தங்கை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கிடங்கில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பித் தேதி பார்ப்பாள். பிஸ்கெட், பேட்டரி, பற்பசை வரை சரி. ஒருமுறை அத்தான் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையையும் திருப்பிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து குடும்பத்தில் அவள் பெயர் எக்ஸ்பயரி. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் போவாள். ஒரு நாள் தவறியதில்லை. எக்ஸ்பயரிக்கு நம்பிக்கைதான் கிடையாதே தவிர, கடமையில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

மெக்கானிக் வேறு ரகம். நாற்பது வருஷத்தில் அவர் கைபடாத லிஃப்ட் அந்த ஊரில் இல்லை. அவர் வாய் பட்டு அளவு மாறாத உண்மையும் இல்லை. பதினோராம் மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டை ஒரே தும்மலில் தரைக்கு இறக்கியவர் அவர். இன்னொரு லிஃப்டில் சிக்கிய ஒன்பது பேர் பயப்படாமல் இருக்கட்டுமென்று வெளியிலிருந்து கதை சொல்லிக்கொண்டே பழுது பார்த்தார். கதவு திறந்ததும் ஒன்பது பேரும் இறங்க மறுத்துவிட்டார்கள், கதை முடியவில்லையாம். கேட்டவர்கள் ஒன்பதை ஆறாக்கி நம்பிப் பார்த்தார்கள். பிறகு ஆறையும் விட்டுவிட்டார்கள்.

அவர் மனைவி ஒருத்திதான் அவரை நம்பவும் இல்லை, விடவும் இல்லை. அவர் நூறு என்றால் பத்து என்று எடுத்துக்கொள்வாள். மலை என்றால் மேடு. கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். அந்தத் தைரியத்தில்தான் அவரும் கூட்டிக் கூட்டிச் சொன்னார், வாங்க வருகிறவள் பேரம் பேசுவாள் என்று தெரிந்தே விலை சொல்கிற கடைக்காரர் போல. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. இந்த வியாபாரம் இருந்தது.

அவளுக்கு வேலை எலிகளோடு. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி அறைக்குப் பொறுப்பாளராக இருந்தாள். காலையில் ஐந்நூறு கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றுவதில் தொடங்கும் அவள் நாள். ஓய்வு பெறும் அன்று மற்றவர்கள் சுவர்க்கடிகாரத்தோடு வீடு திரும்புவார்கள். அவள் மேல்கோட்டுப் பையில் ஒரு எலிக்குட்டியோடு திரும்பினாள். அது பிறந்த ஈற்றில் பதினாறு குட்டிகள் பதிவாகியிருந்தன. தாயின் வயிற்றடியில் ஒட்டிக்கிடந்த பதினேழாவதை எண்ணியவர்கள் பார்க்கவில்லை. எழுத்தில் இல்லாத எலியை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. ஆகவே அது வீட்டுக்கு வந்தது. பெயர் பதினேழு. வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் சாம்பல் நிறக் குல்லாய்.

இரண்டு வருஷம் மூன்று பேரும் நன்றாக இருந்தார்கள். பிறகு ஒரு காலையில் அவளுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்தது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த பத்தாம் நாள், பதினேழின் முன்னங்கைகளில் முடி இல்லை.

சிரங்கு இல்லை, புண் இல்லை, அரிப்பு இல்லை, பசியில் குறைவில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி முடி மட்டும் துப்புரவாகப் போயிருந்தது. கால்நடை மருத்துவர், எலியைக் கண்டதும் முதலில் அறைக்கதவைச் சாத்தினார். அதுதான் நோயாளி என்பது அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பேன் இல்லை, உண்ணி இல்லை. நீல விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். பூஞ்சை இல்லை. கூண்டில் மரத்தூளுக்குப் பதில் காகிதம் போடச் சொன்னார், கடலையைக் குறைக்கச் சொன்னார். எல்லாம் ஆயிற்று. தோள்பட்டை முடியும் போயிற்று. கடைசியில் சீட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக்குக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தெரியவில்லை என்று எழுதுவதற்கா ஒரு மனிதன் அஞ்சு வருஷம் படித்தான்? தெரியாவிட்டால் எதையாவது சொல்ல வேண்டியதுதானே.

“பயந்தா கொட்டும்,” என்றார் தையல்காரர்.

“வயசு,” என்றாள் எக்ஸ்பயரி. “எலிக்கு ரெண்டு வருஷம்னா தேதி தாண்டியாச்சுன்னு அர்த்தம்.”

மனைவி நல்லபடி இருந்திருந்தால் அவளிடம் காட்டியிருக்கலாம். எலியைத் திருப்பிப் பார்த்து, வயிற்றை ஒரு விரலால் தடவி, இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். இப்போது பதினேழை அவள் முகத்துக்கு நேரே பிடித்தால், அவள் கண்கள் அதைத் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்த சுவருக்குப் போயின.

மூளைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பெரிய டாக்டர், பேசினால் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். எக்ஸ்பயரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் சொன்னாள்:

“உள்ள ஆள் இல்ல அத்தான். பூட்டின வீடு அது. நீங்க தட்டிக்கிட்டே இருக்கீங்க.”

“மாட்டின கதவைத் திறக்கறதுதாம்மா என் தொழில்.”

“இது லிஃப்ட் இல்ல.”

“நீ பாரு.”

அன்று தொடங்கினார். தினமும் காலை ஒன்பது மணிக்கு, எக்ஸ்பயரி உடம்பு துடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனதும், பதினேழைக் கூண்டிலிருந்து எடுத்து மனைவியின் மார்பில் போர்வை மீது விடுவார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எலிக்கு ஏன் முடி கொட்டுகிறது என்பதற்கு ஒரு காரணம் சொல்வார். ஒரு நாளைக்கு ஒன்று.

“இவன் வேலைக்குப் போறான்டி. முழுக்கையை அரைக்கையா மடிச்சு விட்டிருக்கான், பாரு.”

“எலிகளுக்குள்ள தேர்தல் நடந்திருக்கு. தோத்தா மீசையை எடுக்கறேன்னு பந்தயம் கட்டியிருக்கான். மீசை மேல ஆசை, முதுகை எடுத்துட்டான்.”

“நேத்து என் தலையைக் கிட்டத்துல பார்த்துட்டான். வீட்டுக்குப் பெரியவரே இப்படி இருக்கறப்போ நமக்கு எதுக்கு ஆடம்பரம்னு விட்டுட்டான்.”

“உனக்கு ஸ்வெட்டர் பின்றான். உடம்புப் பகுதி முடிஞ்சுது, கழுத்தும் முடிஞ்சுது. ஒரு கைக்குத்தான் முடி பத்தல.”

எட்டு மாதம், இருநூற்று நாற்பது காரணம் என்று கணக்குச் சொல்வார். பத்து இருபதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காரணத்தை இரண்டாம் தரம் சொன்னதில்லை என்பதைச் சமையலறையில் நின்று கேட்ட எக்ஸ்பயரியே ஒப்புக்கொள்வாள். எவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து கழித்தல் வரவில்லை. சொன்ன பொய்யெல்லாம் சொன்ன அளவிலேயே கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. எக்ஸ்பயரி பதினொரு மணிக்குப் போய்விட்டால் மறுநாள் ஏழு மணி வரைக்கும் அந்த வீட்டில் பேசக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான். அவர் தெருவில் போகிறவர்களிடம் வழி கேட்க ஆரம்பித்தார், தனக்கு நன்றாகத் தெரிந்த இடங்களுக்கு.

இந்த லட்சணத்தில்தான் நேற்று காலை அது நடந்தது. அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பகல் ஒரு மணிக்கு அவருடைய பழைய கூட்டாளி வந்தார். இருவரும் இருபது வருஷம் ஒரே பெட்டியில் கருவி வைத்து வேலை பார்த்தவர்கள். கூட்டாளி கட்டிலருகே கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார், பிறகு வந்து மெக்கானிக்கின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கடைசில கஷ்டப்பட்டாங்களா?”

“கஷ்டமா? நேத்து காலைல சிரிச்சாய்யா. எலியை என் தலைமேல தூக்கி வச்சு, ரெண்டு வழுக்கையில எது பெருசுன்னு கேட்டேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சா. கட்டில் அரை அடி நகர்ந்துடுச்சு. பாரு, தரையில கோடு விழுந்திருக்கு.”

கூட்டாளி தரையைப் பார்த்தார். உண்மையிலேயே கோடு இருந்தது, இன்று காலை கட்டிலை நடுவுக்கு இழுத்தபோது விழுந்தது. அவர் முகத்தில் பழைய நாட்களின் சிரிப்பு மெல்லப் பரவியது. மெக்கானிக்கின் தோளைத் தட்டினார்.

“இதான்யா நீ. இந்த நேரத்துலயும் விடமாட்டேங்கற பாரு. அவங்களுக்கும் இதுதான் பிடிச்சிருக்கும்.”

சொல்லிவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் பேச்சை நிறுத்தினார். வந்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்களே, அது இந்தத் தலையாட்டல்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பதினோராம் மாடித் தும்மலுக்கு ஆட்டிய அதே தலை.

“புலி வருதுன்னு நாப்பது வருஷம் சொன்னா, நெசப் புலிக்கு யாரு வருவாங்க,” என்றாள் எக்ஸ்பயரி, கூட்டாளிக்கு டீயை நீட்டியபடி. குரலில் குத்தல் இல்லை. டீ தட்டில் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை.

மெக்கானிக் எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போனார்.

பதினேழின் கூண்டு அங்கே துணி உலர்த்தும் கொடிக்கடியில் இருந்தது. வருகிறவர்கள் ஏதோ தொற்று வியாதி என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று எக்ஸ்பயரி காலையிலேயே அங்கே கொண்டு வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அவர் துண்டை எடுத்தார். குல்லாயும் மீசையும் தவிர எலியின் மேல் இப்போது முடியே இல்லை. கிழவனின் முழங்கை போலத் தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாக இருந்தது. கையில் எடுத்தார். சின்ன வெந்நீர்ப் பை போலச் சூடாக இருந்தது. அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பல்லை அரைத்தது. அது சந்தோஷத்தின் சத்தம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

சரி, நிதானமாக யோசிப்போம், என்று தனக்கே சொல்லிக்கொண்டார். என்ன நடந்தது?

எலியைத் தலையில் தூக்கி வைத்தது பொய். வழுக்கையில் எது பெரிது என்று கேட்டதும் பொய். நேற்று ஒன்பதே காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தார், பதினேழு போர்வை மேல் இருந்தது, அதன் குல்லாய்க்குக் கீழே மிச்சமிருந்த கடைசிக் கற்றையும் போயிருந்தது. அவர் வாயைத் திறந்தார். காரணம் வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். இருநூற்று நாற்பதும் செலவாகி, அடியில் ஒன்றுமே இல்லை. ஓடாத லிஃப்டின் முன்னால் நின்று ஒரு நாளும் சொல்லாத சொல்லை, கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்லை, அப்போது சொன்னார்.

“தெரியலடி. நெசமா தெரியல.”

அப்போதுதான்.

தெரியவில்லை என்று சொன்னதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் வேறு வேறு வேடிக்கைகளை ஒட்டவைத்துத்தான் சொன்னார். நேற்று மதியம் ஓடிவந்த எக்ஸ்பயரியிடம் முதலில் சொன்னபோது, “சிரிச்சாம்மா,” என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். சாவை உறுதி செய்ய வந்த டாக்டரிடம், “சத்தமாவே சிரிச்சாங்க,” என்றார். தசை இழுத்திருக்கும் என்றார் டாக்டர். தசையா என்ற கோபத்தில், அடுத்து வந்தவர்களிடம் வாய்விட்டுச் சிரித்தாள் என்றார். இன்று காலை கண்ணாடி அதிர்ந்தது. இப்போது கட்டில் நகர்ந்தது. ஒவ்வொரு முறையும், எதிரே இருப்பவர் பேரம் பேசுவார், கழிப்பார் என்று பழக்கத்தில் கூட்டிக்கொண்டே போய்விட்டார். கழிக்கிறவள் கூடத்தில் கிடந்தாள்.

இப்போது முதலில் இருந்தது எது? கண்ணை மூடி அவள் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அது அவர் கூட்டாளிக்காகக் குலுக்கியது. அதைத் தள்ளினார். வாய் திறந்தது. அது டாக்டருக்குப் பின்னால் வந்தவர்களுக்காகத் திறந்தது. அதையும் தள்ளினார். தள்ளத் தள்ள, அடியில் தலையணையும் முகமும் மட்டும் இருந்தன, எட்டு மாதமாக இருந்த அதே முகம். எந்தச் சத்தமும் இல்லை.

சிரித்திருந்தாளானால் இந்த எட்டு மாதமும் அவள் உள்ளே இருந்திருக்கிறாள். தேர்தலையும் ஸ்வெட்டரையும் கேட்டுக்கொண்டு, சிரிக்கிற அளவுக்கு ஒன்று வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். சிரிக்கவில்லையென்றால் அவர் ஒரு சுவரோடு பேசியிருக்கிறார். இரண்டில் எது என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சிதான் உண்டு. அதற்கும் முடியில்லை, பேச்சும் இல்லை.

பதினேழைக் கூண்டில் விட்டார். நாலு மணிக்கு வண்டி வந்தது.

நாலு பேர் தூக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில், “கொஞ்சம் இடது, கொஞ்சம் தூக்கி,” என்று தையல்காரர் வழி சொன்னார். கூட்டாளி வண்டியில் அவரோடு ஏறிக்கொண்டார். வழி நெடுக மெக்கானிக் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டிய நிலை கூட்டாளிக்கு வந்தது. பாவம், அவருக்குப் பழக்கமில்லை. போக்குவரத்து நெரிசலைப் பற்றி இரண்டு தடவை சொன்னார். வேலை முடிந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, ஐந்தே முக்காலுக்குத் திரும்பினார்கள். கூட்டாளி வாசலோடு போய்விட்டார்.

வீட்டில் எக்ஸ்பயரி இருந்தாள். நாற்காலிகள் அடுக்கப்பட்டு, தரை துடைக்கப்பட்டிருந்தது. கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாத்தியிருந்தாள். கட்டில் இல்லாத கூடம் ஒரு பஸ்ஸே வந்து திரும்பலாம் போல இருந்தது. மருந்துப் புட்டிகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு பையில் போட்டுக் கட்டியிருந்தாள். எல்லாவற்றிலும் இன்னும் நாள் பாக்கி இருந்தது.

அவர் பால்கனியிலிருந்து பதினேழை எடுத்து வந்து, மடியில் விட்டுக்கொண்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. சமையலறையில் டம்ளர்கள் கழுவும் சத்தம் கேட்டது.

“ஏம்மா.”

“என்ன?”

“நீ சொன்னதுதான் சரி.”

“எது?”

“அவ சிரிக்கல. நான்தான் கட்டிச் சொன்னேன்.” எலியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: “பெரிய விஷயம் இல்ல. விட்டுடு.”

அவர் ஆயுளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஒன்றையாவது திரும்ப வாங்கிக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. குழாய் நின்றது. பிறகு எக்ஸ்பயரி முந்தானையில் கை துடைத்தபடி வந்து, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே வெற்றிடத்தைப் பார்த்தார்கள்.

“போன மாசம் நீங்க கடைக்குப் போயிருந்தப்போ, நான் அந்தப் பீரோவை டேப் வச்சு அளந்தேன்.”

“எந்தப் பீரோ?”

“அவளோடது. என் வீட்டு மூலைக்குச் சரியா வருமான்னு. அவ கண்ணு திறந்துதான் இருந்துச்சு. அளந்துட்டு அவ பக்கம் திரும்பி, நீ போனப்புறம் இதை நான் எடுத்துக்கறேன்டின்னு சொன்னேன். சொந்த அக்காவை டி போட்டு. சுவத்துக்கிட்ட சொல்ற மாதிரி சொன்னேன்.”

மெக்கானிக்குக்கு வாய் தானாகத் திறந்தது.

“அவ தூங்கிட்டு இருந்திருப்பாம்மா. உனக்குத் தெரியாது, அவ கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தூங்குவா. ஒருமுறை பஸ்ல அப்படியே தூங்கி, டிரைவரே பயந்துபோய்...”

“வேணாம் அத்தான்.”

நிறுத்திக்கொண்டார்.

“அது மட்டும் இல்ல. தினம் ஏதாவது சொல்லியிருக்கேன். சீக்கிரம் போனா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு துடைக்கறப்போ சொல்லுவேன். உள்ள ஆள் இல்லைன்னு டாக்டர் சொன்னாரே, அந்தத் தெம்புல.” அவள் குரல் தேய்ந்தது. “இப்போ நீங்களே சிரிக்கலைன்னு சொல்லிட்டீங்க. எனக்கு நல்லதுதான். அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். செருப்பு வரைக்கும் போட்டுட்டேன் மனசுல.”

பதினேழு அவர் மடியில் பின்னங்கால்களில் நின்று, முடியில்லாத கைகளால் முகத்தைக் கழுவிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இருவருமே எழவில்லை.

“நேத்து நீங்க தெரியலன்னு சொன்னீங்க,” என்றாள் எக்ஸ்பயரி. “முதல்ல தெரியலடி. அப்புறம் நெசமா தெரியலன்னு.”

அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

“நான் அடுப்புகிட்ட கரண்டியோட நின்னேன். நீங்களாவது, தெரியலன்னு சொல்றதாவதுன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. மூக்கு வழியாத்தான் வந்துச்சு. ஒரே ஒரு தடவை. சின்ன வயசுல எங்கப்பா கணக்கைத் தப்பாப் போட்டுட்டு அழிப்பாரு பாருங்க, அப்போ அப்படித்தான் சிரிப்பா, அவருக்குத் தெரியாம.”

எலியின் முதுகில் இருந்த அவர் விரல் அசையாமல் நின்றது.

“பெருசா இல்ல அத்தான். சின்னதுதான்,” என்றாள் எக்ஸ்பயரி. “ஆனா சிரிச்சா. சமையலறை வரைக்கும் கேட்டுச்சு.”